முதல் இரண்டு நிமிடம்

நமது பங்கைச் சேர்ந்த மாணவர் நால்வர் அருகிலுள்ள நகரத்துக் கல்லூரியொன்றில் காட்சித் தொடர்பியல் பயில்கின்றனர். ‘விஸ்காம்’ என்று சொன்னால்தான் வீட்டாருக்கு விளங்கும். மூவர் ஆண்பிள்ளைகள், ஒருத்தி பெண். சென்ற ஆண்டு கல்லூரியில் அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கப்பட்டது. ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் தாங்களே திட்டமிட்டு, எழுதி, படம்பிடித்து, தொகுத்துக் கொடுக்க வேண்டும். முழுப் படம் தேவையில்லை. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு நொடியும் மிகுதல் ஆகாது. அதற்காக நமது பங்குப் பள்ளியின் தாழ்வாரத்தை இரண்டு இரவுகளுக்குக் கேட்டு நம்மிடம் வந்தனர். இசைவு தந்தோம். எதை எடுக்கப் போகின்றீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னோம். அந்தத் தாளைச் சுற்றி அறைவீட்டுத் திண்ணையில் ஆறு வாரம் மாலைதோறும் பேச்சு நடந்தது.

இதனைக் கேள்வியுற்ற தந்தையொருவர், “திகில் படம் எடுக்கவா சாமி, நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுகிறோம்?” என்று மனம் நொந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்கு அன்று சொன்ன விடை சுருக்கமானது. அதனையே விரித்து ஈண்டு எழுதுகின்றோம். கலைத்துறைப் படிப்பைப் பிள்ளைகள் தேர்ந்துகொண்ட வீடுகள் இன்று நமது பங்குகளில் பல உள. அவ்வீட்டுப் பெற்றோர்க்கு இது பயன்படக் கூடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டு நிமிடம் என்பது 120 நொடி. திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆக 2,880 படங்கள். படச்சுருளில் எடுத்த காலத்தில் இதற்கு 35 மில்லிமீட்டர் சுருள் 180 அடி வேண்டும். வீணாகும் ஒவ்வோர் அடியும் பணம். இன்று கைப்பேசியிலேயே படம் எடுத்துவிடுகின்றனர். சுருளின் செலவு ஒழிந்தது. சிந்திக்க வேண்டிய கடமை ஒழியவில்லை. நிறுத்தாமல் ஒருமுறை எடுக்கும் துண்டுக்கு ‘ஷாட்’ என்று பெயர். ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக 5 நொடி எனக் கொண்டால் அவர்கள் கையில் இருப்பவை 24 ஷாட்டுகளே. அந்த இருபத்து நான்கினுள் இடம் தெரிய வேண்டும். பொழுது தெரிய வேண்டும். ஓர் ஆளை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நெஞ்சில் ஓர் அச்சம் பிறக்க வேண்டும். அடுத்து என்ன ஆகுமோ என்னும் கேள்வி எழ வேண்டும். கல்யாண வீட்டுப் பந்திக்கு அரிசி அளப்பவரைப் போல ஒவ்வொரு நொடியையும் அளந்து போட வேண்டிய வேலை இது.

மாணவர் கொண்டுவந்த முதல் தாளில் ஒரு கறுப்புக் கார், முகமூடி அணிந்த ஒருவன், நள்ளிரவுத் தொலைபேசி, கயிற்றால் கட்டுண்ட ஒரு பெண், ஒரு துப்பாக்கி, தரையில் குருதி ஆகிய அனைத்தும் இருந்தன. நமது ஊரில் கண்ட பொருள் ஒன்றுகூட இல்லை. பத்துத் திரைப்படங்களிலிருந்து பிய்த்தெடுத்து ஒட்டிய தாள் அது. எடுத்து முடிக்க இருபது நிமிடப் படம் தேவைப்படும். நாம் குறை கூறாமல் ஒரே ஒரு கேள்வியை வைத்தோம்: “இதில் நான் யாருக்காக அஞ்ச வேண்டும், தம்பி?” கட்டுண்ட பெண்ணுக்காக என்றான் தலைவனாக நின்ற பிள்ளை. “அவள் யார்?” என்றோம். பெயர்கூட வைக்கவில்லை என்று நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

குருமடத்தில் பயின்ற நாள்களில் சமூகத் தொடர்புப் பாடத்துக்கென்று சில பழம் படங்களைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருந்தது. ஆல்பிரட் ஹிட்ச்காக் என்னும் இயக்குநரை அப்போதுதான் அறிந்தோம். 1899 இல் இலண்டனில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இயேசு சபையாரின் பள்ளியில் பயின்று, திகில் படங்களுக்கே பெயர்பெற்று, 1980 இல் மறைந்தவர் அவர். பிரான்சு நாட்டு இயக்குநர் த்ரூஃபோ 1962 இல் அவரோடு பல நாள் உரையாடி அதனை ஒரு நூலாக்கினார். அவ்வுரையாடலில் ஹிட்ச்காக் தந்த விளக்கம் ஒன்று இன்றும் எல்லா நாட்டுத் திரைப்பட மாணவர்க்கும் பாலபாடம். அதன் சாரம் இது: ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் பேசிக்கொண்டிருக்கின்றனர். திடீரென மேசைக்கடியில் குண்டு வெடிக்கின்றது. காண்போர் திடுக்கிடுவது 15 நொடி. அதே குண்டு அங்கே இருப்பதையும், அது வெடிக்கும் நேரத்தையும் காண்போர்க்கு முன்கூட்டியே காட்டிவிட்டால், மேசையில் நடக்கும் வெறும் பேச்சுகூட 15 நிமிடம் நெஞ்சை உலுக்கும். எழுந்து போங்களேன் என்று திரையிலுள்ளவரை நோக்கிக் கத்தத் தோன்றும்.

இதனை மாணவர்க்குச் சொல்லி, “திடுக்கிட வைப்பது எளிது, அதற்கு ஒரு பட்டாசு போதும். அஞ்ச வைக்க வேண்டுமாயின் முதலில் ஒருவர்மீது பரிவு கொள்ளச் செய்யுங்கள், பிறகு அவர் அறியாத ஒன்றை எங்களுக்கு அறிவியுங்கள்” என்றோம். ஒரு வாரம் கழித்துத் தங்கள் ஊரிலிருந்தே எடுத்த கதையோடு வந்தனர். அங்கேதான் இடர் தொடங்கியது.

பள்ளி வளாகத்தின் பின்புறம் பழைய கிணறு ஒன்று உண்டு. இப்போது இரும்புக் கம்பி வலை போட்டு மூடப்பட்டிருக்கின்றது. வலை போட்டதற்குக் காரணம் இருக்கின்றது. நாம் இப்பங்குக்கு வருமுன், ஒன்பது வயதுச் சிறுமியொருத்தி ஒரு விடுமுறை நாளில் அக்கிணற்றில் விழுந்து இறந்தாள். தவறி விழுந்தாளா, வேறு என்ன நடந்தது என்பது இன்றளவும் யாருக்கும் தெரியாது. கைப்பிடிச் சுவரருகே அவளுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்ததாம். அவளுடைய தாய் நம் பங்கில்தான் வாழ்கின்றார். காலைத் திருப்பலிக்கு நாள் தவறாமல் வருகின்றார். கோயிலுக்கு நேர்வழி பள்ளி வளாகத்தின் ஊடாகச் செல்வது. அவர் மட்டும் தெருவைச் சுற்றி வருவார்.

மாணவரின் புதிய தாளில் அந்தக் கிணறு இருந்தது. ஒற்றைச் செருப்பு இருந்தது. கயிறு கட்டி உடலை மேலே தூக்கும் காட்சியும் இருந்தது. பிறகு ‘பத்து ஆண்டுகளுக்குப் பின்’ என்று எழுத்து விழும். கொலையாளியைத் தேடும் கதை தொடங்கும். கறுப்புக் காரைவிட இது நூறு மடங்கு உயிருள்ள தொடக்கம் என்பதை மறுப்பதற்கில்லை.

கிணறு பங்கின் நிலத்தில் உள்ளது. ‘கூடாது’ என்னும் ஒரு சொல்லால் நாம் அதனை முடித்திருக்கலாம். முடித்திருந்தால் அவர்கள் வேறொரு கிணற்றைத் தேடிப் போயிருப்பர். ஆதலால் முதலில் உடலைக் காட்டுவதைப் பற்றி மட்டும் பேசினோம். அன்று மாலை அவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஜெர்மானியப் படம் ஒன்றைத் தேர்ந்துகொண்டோம். ஃபிரிட்ஸ் லாங் 1931 இல் எடுத்த ‘எம்’ என்னும் படம் அது. அவருடைய முதல் பேசும்படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை. ஆயினும் தொடக்கத்தில் கொலையே திரையில் இல்லை.

குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில் சிறுவர் வட்டமாக நின்று விளையாடுகின்றனர். மேல்மாடியில் ஒரு தாய் துணி துவைக்கின்றாள். கடிகாரம் பன்னிரண்டு அடிக்கின்றது. பள்ளியிலிருந்து மகள் வரும் நேரம். தாய் உணவு மேசையைச் சீர் செய்கின்றாள். தெருவில் அச்சிறுமி பந்தைத் தூணில் எறிந்து பிடித்துக்கொண்டு வருகின்றாள். அத்தூணில் கொலையாளியைப் பற்றிய அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கின்றது. அதன்மீது ஒரு மனிதனின் நிழல் விழுகின்றது. அவன் அவளுக்கு ஒரு பலூன் வாங்கித் தருகின்றான். இங்கே தாய் மாடிப்படியில் எட்டிப் பார்க்கின்றாள், யாரும் இல்லை. மகளின் பெயரைச் சொல்லி அழைக்கின்றாள். அந்தக் குரல் ஒலிக்க, வெறுமையான படிக்கட்டு, துணி உலர்த்தும் வெறும் அறை, யாரும் அமராத நாற்காலியும் தட்டும் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. பிறகு புல்வெளியில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கின்றது. கம்பியில் ஒரு பலூன் சிக்கி அசைகின்றது. அவ்வளவே. கொலை நிகழ்ந்துவிட்டதை நாம் அறிந்துவிட்டோம்.

படம் நின்றபின் நெடுநேரம் யாரும் பேசவில்லை. அடுத்த மாலை அப்பெண்பிள்ளை புதிய படவரிசையைக் கொண்டுவந்தாள். எடுக்கப் போகும் ஒவ்வொரு ஷாட்டையும் சிறு கட்டத்துள் படமாக வரைந்து, கீழே நொடியும் ஒலியும் குறிப்பதே ‘ஸ்டோரிபோர்டு’. சத்யஜித் ராய் 1955 இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ படத்துக்கு முன்கூட்டியே இவ்வாறு ஓவியங்கள் வரைந்து வைத்திருந்தார். இவள் வரைந்ததில் உடல் இல்லை, கயிறு இல்லை. அடுப்படியில் ஒரு தாய் இட்லித் தட்டில் மாவு ஊற்றுகின்றாள். வாசலை எட்டிப் பார்க்கின்றாள். பெயர் சொல்லி அழைக்கின்றாள். கடைசிக் கட்டத்தில் ஒற்றைச் செருப்பு.

வாசக அன்பர்களே, சிக்கல் இதனால் தீரவில்லை; முற்றியது. கலை உயர உயர அது அந்தத் தாயின் உண்மையான காலைப்பொழுதுக்கு மிக அருகே சென்றுவிட்டது. உடலைக் காட்டிய பழைய தாள் வெறும் ஊர்ச்செய்தி. இதுவோ அவருடைய அடுப்படி.

நால்வரும் தமக்குள் வாதாடினர். தலைவன் சொன்னான்: “பேரையும் ஊரையும் மாற்றிவிடலாம் ஃபாதர். யாருக்குத் தெரியும்?” பெண்பிள்ளை சொன்னாள்: “கிணற்றை மாற்ற முடியாதே. ஊருக்கே தெரியும்.” மூன்றாமவன், “அவர்களிடமே கேட்டு விடுவோம், சரி என்றால் எடுப்போம்” என்றான். இது நேர்மையான யோசனையாகத்தான் தோன்றிற்று. நான்காமவன் அந்தத் தாயின் அடுத்த வீட்டுப் பிள்ளை. அதுவரை வாய் திறவாதவன். அவன் சொன்னான்: “கேட்டால் அக்கா சரி என்றுதான் சொல்வார்கள். எங்கள் படிப்புக்கு என்றால் மறுக்கவே மாட்டார்கள். அதனால்தான் கேட்கக் கூடாது.”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தாளைக் கிழித்தது நாம் அல்லோம், அவர்களே கிழித்தனர். கல்லூரியில் திட்ட ஏட்டை ஒப்படைக்கப் பன்னிரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. தலைவனுக்குக் கோபம், நல்ல மதிப்பெண் கைநழுவிப் போயிற்று என்றான். அவன் கோபத்தில் பொருள் இல்லாமல் இல்லை. நல்ல கதையொன்றை வேண்டாமென்று விடுவது, அதுவும் அது நல்ல கதை என்று அறிந்தே விடுவது, இருபது வயதில் எளிதன்று.

மறுநாள் முதல் வேறு வழியில் தேடினோம். ‘யாருக்கு என்ன தெரியும்’ என்னும் கேள்வியை முன்வைத்துக்கொண்டு இரண்டு தொடக்கங்களை ஆராய்ந்தோம். ஒன்று, ஹிட்ச்காக் 1953 இல் எடுத்த ‘ஐ கன்ஃபெஸ்’. கனடாவின் கியூபெக் நகரத்து இரவுத் தெருக்கள். ஒருவழிப் பாதையைக் காட்டும் அம்புக்குறிப் பலகைகள் நம்மை ஒரு திறந்த சன்னலுக்கு அழைத்துச் செல்கின்றன. உள்ளே ஒருவர் இறந்து கிடக்கின்றார். தெருவில் குருவின் அங்கி அணிந்த ஒருவன் விரைந்து நடக்கின்றான். சிறுமியர் இருவர் அவனைக் காண்கின்றனர். சற்று அப்பால் அவன் அங்கியைக் கழற்றுகின்றான். அவன் குரு அல்லன். சிறுமியர் கண்டது ஒரு குருவை. நாம் கண்டது ஒரு வேடத்தை. அவர்கள் சாட்சி சொன்னால் யார்மேல் பழி விழும் என்பது அப்போதே தெரிந்துவிடுகின்றது. பேச்சே இல்லாத சில ஷாட்டுகளில் படம் முழுவதற்கும் வேண்டிய பாரம் ஏற்றப்பட்டுவிட்டது.

மற்றது, ஆர்சன் வெல்ஸ் 1958 இல் எடுத்த ‘டச் ஆஃப் ஈவில்’. ஒருவனது கை ஒரு வெடிகுண்டில் நேரத்தைத் திருகி வைக்கின்றது. அவன் அதனை ஒரு காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு ஓடுகின்றான். காருக்குரியவர் அறியாமல் ஏறி ஓட்டுகின்றார். புதுமணத் தம்பதியர் அதே தெருவில் காருக்கு அருகே நடந்து வருகின்றனர். மூன்று நிமிடத்துக்கும் மேலாக, ஒரு வெட்டும் இல்லாமல், ஒரே ஷாட்டாக இது ஓடுகின்றது. படம் வெளிவந்தபோது தயாரிப்பு நிறுவனத்தார் இக்காட்சியின்மேல் பெயர் எழுத்துகளையும் இசையையும் ஏற்றியிருந்தனர். வெல்ஸ் அந்நாளில் எழுதி வைத்த நெடிய குறிப்பைப் பின்பற்றி 1998 இல் படத்தைத் திருத்தித் தொகுத்தபோது, அவ்வெழுத்துகளை நீக்கி, பின்னணி இசைக்கு மாறாகத் தெருவின் ஒலிகளையே அங்கே ஒலிக்கச் செய்தனர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த மாணவர், ஒலியைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த பக்கத்தைத் தாமே அடித்துவிட்டனர். அதில் ‘பயங்கர இசை’ என்று ஆறு இடங்களில் எழுதியிருந்தனர்.

நான்காமவன்தான் கதையைக் கண்டுபிடித்தான். பள்ளித் தாழ்வாரத்தை அளந்துவரப் போன மாலையில், ஏழு வகுப்பறைக் கதவுகளும் ஒரே வரிசையில் இருப்பதைக் கண்டு நின்றவன், “ஏழு பூட்டு, ஏழு சாவி” என்றானாம். அங்கிருந்து வளர்ந்தது கதை. கண்பார்வை மங்கிய முதிய காவல்காரர் ஒருவர். பார்வை மங்கியது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆதலால் கதவுகளை விரலால் தடவி எண்ணி, சாவிகளைத் தொட்டறிந்து, நாள்தோறும் பூட்டுகின்றார். மறுநாள் தேர்வு. ஏழாம் அறையில் வினாத்தாள் கட்டு இருக்கின்றது. அவர் முதற் கதவைப் பூட்டும்போதே, ஏழாம் அறைக் கதவின் கீழ் இடுக்கில் மெல்லிய வெளிச்சம் அசைவதை நாம் காண்கின்றோம். சாவிக்கொத்தின் ஒலி நெருங்க, அந்த வெளிச்சம் அணைகின்றது. ஆறு அறைகளைப் பூட்டிவிட்டு ஏழாவதற்கு வருகின்றார். பூட்டு திறந்தபடி தொங்குகின்றது. வளையத்தைத் தடவுகின்றார். ஏழாவது சாவி இல்லை.

இங்கே கொலை இல்லை, குருதி இல்லை. ஆயினும் உள்ளே யார் என்னும் அச்சத்தோடு, பழி இந்த மனிதர்மேல் விழுமே என்னும் அச்சமும் சேர்ந்து நம்மைப் பற்றிக்கொள்கின்றது. பின்னது முன்னதைவிடப் பெரிது.

கதை கிடைத்தபின் திட்டம் தொடங்கியது. ஷாட் பட்டியலில் 19 எண்கள். முதல் ஷாட், மாலை மங்கிய பள்ளியும் ஒற்றை விளக்கும், 7 நொடி. இரண்டாவது, சாவிக்கொத்தைப் பிடித்த கை மட்டும், 4 நொடி. ஒவ்வொன்றுக்கும் கருவி எங்கே நிற்கும், எவ்வளவு அருகே செல்லும், என்ன ஒலி கேட்கும் என்று எழுதினர். காவல்காரர் எப்போதும் இடமிருந்து வலமாகவே நடக்க வேண்டும் என்று தீர்மானித்தனர். தாழ்வாரத்தில் அவர் நடக்கும் வழியை ஒரு கோடாக எண்ணிக்கொண்டு, கருவி அக்கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய் எடுத்தால், திரையில் அவர் வந்த வழியே திரும்பிப் போவதாகத் தோன்றும்; ஏழாம் கதவு எந்தப் பக்கம் என்று காண்போர் குழம்புவர். திசை குழம்பினால் அச்சம் கலைந்துவிடும்.

ஒலிக்குச் சாவிக்கொத்து ஒன்றே போதும் என்று முடிவாயிற்று. ஆறு முறை கேட்டுப் பழகிய ஒலி ஏழாம் கதவில் நின்றுபோகும். அந்த அமைதியே இசை. நம் தமிழ்த் திரைக்கு இது புதிதன்று என்று அவர்களுக்குச் சொன்னோம். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் 1954 இல் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு இல்லை, நடனமும் இல்லை. 1943 இல் சென்னைமீது குண்டு விழுந்த நாள்களைப் பின்னணியாகக் கொண்ட கதை. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகின்றது. சுட்டவர் யார் என்பதே மீதிப் படம். தங்கள் தாத்தா காலத்தில் இப்படியும் ஒரு படம் வந்ததா என்று பிள்ளைகள் வியந்தனர்.

பெயர் எழுத்துகளையும் அவர்கள் திட்டத்துக்குள்ளேயே வைத்தனர். 1960 இல் வந்த ‘சைக்கோ’ படத்துக்கு சால் பாஸ் அமைத்த எழுத்துகள், கோடுகளாகப் பிளந்து பிளந்து சேர்வனவாய், கதை தொடங்குமுன்னரே மனத்தைக் கலக்குவன. இவர்கள் அதனைப் பார்த்துவிட்டுத் தமக்கேற்ற எளிய வழியொன்றைக் கண்டனர். ஒரு கதவு பூட்டப்படும் ஒவ்வொரு முறையும் அக்கதவின்மேல் ஒரு பெயர் தோன்றும். மாணவர் நால்வர், நடிப்பவர் ஒருவர், கல்லூரித் துறை ஒன்று. ஆறு கதவுகளுக்கு ஆறு பெயர்கள். ஏழாம் கதவில் படத்தின் பெயர்: ‘ஏழாம் சாவி’.

காவல்காரராக நடித்தவர் நமது பங்கின் ஓய்வுபெற்ற உபதேசியார். இரண்டு இரவும் மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது நமது நிபந்தனை. பெண்பிள்ளையின் தாய் கூடவே வந்து, பிளாஸ்கில் காப்பியோடு தாழ்வாரத்துக் கோடியில் அமர்ந்திருந்தார். நிலத்தை அடகு வைத்த அந்தத் தந்தையும் வந்தார். தம் மகன் ஒரே பூட்டை ஒன்பது முறை பூட்டச் சொல்லி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “இதற்கு இவ்வளவு கணக்கா?” என்று மட்டும் கேட்டார்.

பெற்றோரே, நாம் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் பிள்ளை திகில் கதையொன்றைத் திட்டமிடும்போது அவன் கற்பது அச்சமூட்டும் வித்தை மட்டுமன்று. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது, யாருடைய துயரைத் தொடுவது, யாருடைய துயரைத் தொடாதிருப்பது என்பவற்றைத் தீர்மானிக்கக் கற்கின்றான். இத்தீர்மானங்கள் படம்பிடிக்கும் இரவில் வருவன அல்ல. தாளின்மேல், படவரிசையின் சின்னஞ்சிறு கட்டங்களுள், முன்னரே முடிவாகிவிடுகின்றன. ஆதலால் ‘என்ன படம்?’ என்று கடிந்து கேட்பதோடு நில்லாமல், அந்தத் தாளைக் காட்டச் சொல்லி வாங்கிப் பாருங்கள். ‘இதில் நான் யாருக்காக அஞ்ச வேண்டும்?’ என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளை நல்ல வழியில்தான் இருக்கின்றான்.

கல்லூரியில் மதிப்பெண் நன்றாகவே கிடைத்தது. ஆண்டுத் திருவிழாவின் ஏழாம் நாள் இரவு, பங்கு மண்டபத்தில் திரை கட்டி அந்த இரண்டு நிமிடத்தை ஊராருக்குக் காட்டினர். கூட்டத்தில் அந்தத் தாயும் இருந்தார். கிணற்றைப் பற்றி நடந்த பேச்சு எதுவும் அவர் காதுக்குப் போகவில்லை. பிள்ளைகள் நால்வரும் அதனை வெளியே சொன்னதில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எல்லாரும் கலைந்தனர். அவர் மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடிக்கொண்டு திரையருகே வந்தார்.

“ஏன் தம்பி, அந்தக் காவல்காரப் பெரியவருக்கு என்ன ஆச்சு? பழியை அவர் மேல போட்டுட்டாங்களா?” என்று கேட்டார்.

அவனிடம் விடை இல்லை. எடுத்தது தொடக்கம் மட்டுமே. மீதிக் கதையை நால்வரும் இப்போது எழுதிக்கொண்டிருக்கின்றனர்.